வண்டிக்காரனை எழுப்புங்கள்

"பாலத்துல ஒருத்தன் குப்புறக் கிடக்கறான். மூச்சு இருக்கா இல்லையான்னு தெரியல. என்ன பண்றீங்க?" என்று கேட்டாள் அம்மா.

மேசையைச் சுற்றியிருந்த மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் கம்பவுண்டர்தான் முதலில் வாயைத் திறந்தான். "கிட்டப் போய் நாடி பார்க்கறேம்மா."

இருபது முகம் கொண்ட பகடையை உருட்டினான். மூன்று விழுந்தது.

"நாடி இல்ல. செத்துட்டான்," என்றாள் அம்மா.

பேச்சிலேயே நடக்கிற விளையாட்டு அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக மாறி, என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்.

பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே இவர்கள் ஆடுவது இந்த வீட்டுக் கூடத்தில்தான். கதை நடத்தியவன் அம்மாவின் ஒரே மகன். கூட்டாளிகளுக்கு அவன் சோடாபுட்டி. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எதிரே நிற்பது அம்மாவா அலமாரியா என்று தெரியாது அவனுக்கு.

போன மழைக்காலத்தில், நால்வரும் ஊர் சுற்றிவிட்டு விடியற்காலையில் திரும்பும்போது, அவன் அப்பாவின் கார் பாலத்துத் தடுப்பில் மோதியது. சைக்கிளில் பேப்பர் போடப் போய்க்கொண்டிருந்த ஒருவர் அடிபட்டுச் செத்தார். ஜனங்கள் ஓடி வந்தபோது, கூட்டாளிகள் சோடாபுட்டியை வெளியே இழுத்துச் சாலையில் கிடத்தியிருந்தார்கள். அவனும் பிழைக்கவில்லை.

வண்டி ஓட்டும்போது கண் அசந்துவிட்டான் என்று மற்ற மூவரும் போலீசில் சொன்னார்கள். ஸ்டேஷனில் கொடுத்த பையில் அவன் சட்டையும் செருப்பும் ரத்தக் கறையோடு இருந்தன. மூக்குக் கண்ணாடி மட்டும் அதன் கூட்டுக்குள், ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. 'இதாவது தப்பிச்சுதே' என்று அம்மா அதைத் துடைத்து எடுத்து வைத்தாள்.

அதன்பின் அப்பா வாசல்படி தாண்டுவதை நிறுத்திவிட்டார். பேப்பர்காரரின் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கப் போன அம்மாவின் முகத்தில் கதவு அறைந்து சாத்தப்பட்டது. கடைத்தெருவில், "ஆளைக் கொன்னானே, அவனோட அம்மா" என்று காதுபடவே சொன்னார்கள்.

பிறகு ஒருநாள் அவளே மூவருக்கும் போன் செய்தாள். "ஞாயித்துக்கிழமை வாங்கப்பா. வீடு அமைதியா இருக்கறது தாங்க முடியல. நான் நடத்தறேன்."

கடையில் ரெடிமேடாக விற்கும் கதைப் புத்தகம் ஒன்றை வாங்கி வைத்திருந்தாள். வரிக்கு வரி விரல் வைத்துப் படித்துத்தான் நடத்தினாள். அரக்கன், புதையல், பாழடைந்த கோட்டை என்று யாருக்கும் தொந்தரவில்லாத கதை. விபத்திலிருந்து காலை இழுத்து நடக்கும் நெட்டையன்கூட ஒரு வாரம் தவறாமல் வந்தான்.

இன்றைக்கு அவள் அந்தப் புத்தகத்தைத் திறக்கவில்லை. "நானே ஒண்ணு எழுதியிருக்கேன்" என்றதும் நெட்டையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"எதுக்கும்மா சிரமம்? புஸ்தகத்துல இன்னும் பாதி இருக்கே. அதையே ஆடலாம்."

"அச்சடிச்ச கதையில யார் செத்தாலும் யாருக்கும் வலிக்க மாட்டேங்குதுடா. அதனாலதான் அவன் எல்லாத்தையும் சொந்தமாவே எழுதினான். இப்பத்தான் எனக்குப் புரியுது."

அப்படித் தொடங்கிய கதைதான் பாலத்துக்கு வந்து நின்றிருந்தது. செத்துக் கிடப்பவன் வீடுவீடாக ஓலை கொண்டுபோய்க் கொடுக்கிறவன் என்று அம்மா சொன்னபோது, மூவரில் ஒரே பெண்ணான சுருட்டை முடிக்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒரு தேவதை வருது. ஒரு நாழிகை பின்னாடி போக விடுது," என்றாள் அம்மா. "இப்ப நீங்க குதிரை வண்டிக்குள்ள இருக்கீங்க. பாலம் கிட்ட வருது. வண்டிக்காரனுக்குக் கண்ணு சொருகுது."

சுருட்டை விசும்பத் தொடங்கினாள்.

"அழாதடி கண்ணு. எம் புள்ள பண்ணினதுக்கு நான்தான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும். நெட்டையா, உன் காலைப் பார்க்கறப்பல்லாம் உன் முகத்தைப் பார்க்க முடியல. நேர்ல கேக்க வாய் வரல, அதான் எழுதினேன். கதையிலயாவது யாராச்சும் அவன எழுப்புங்கப்பா."

பகடையை நெட்டையன் பக்கம் நகர்த்தினாள். "பத்துக்கு மேல விழுந்தா முழிச்சுப்பான்."

நெட்டையன் அதைத் தொடவில்லை. "உருட்டித் தொலைடா," என்று கம்பவுண்டர் பல்லைக் கடித்தான். சுருட்டை மேசைக்கு அடியில் நெட்டையன் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

உருட்டினான். பதினெட்டு.

அம்மா கைதட்டிவிட்டாள். இத்தனை மாதத்தில் அவள் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை அவர்கள் பார்த்ததில்லை. "முழிச்சுட்டான்! பாலத்தைத் தாண்டிட்டீங்க. அந்த மனுஷன் பத்திரமா வீட்டுக்குப் போயிட்டார். எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டீங்க!"

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நெட்டையன் பக்கம் குனிந்தாள். "என்ன சொல்லிடா அவன எழுப்பினே?"

"டேய், வேணாண்டா," என்றான் கம்பவுண்டர்.

நெட்டையன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"அவன் பின்சீட்டுல தூங்கிட்டிருந்தாம்மா. ஓட்டினது நான்."