திரும்பி வராதவள்

வெர்னா கதவைத் திறந்தாள். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள் கையில் ஆவி பறக்கும் கோழி மக்ரோனியோடு நின்றாள்.

"ரேடியோவுல ஹாலிஸ் பாட்டைக் கேட்டதுலேர்ந்து மனசே ஆறலைங்க. பொண்டாட்டி விட்டுட்டுப் போன மனுஷன், பட்டினி கிடப்பாரேன்னு கொண்டாந்தேன். நீங்க அவர் தங்கச்சியா?"

வெர்னாவுக்குச் சுர்ரென்று ஏறியது. பாத்திரத்தை வாங்கி வந்து, கிதாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்த கணவன் ஹாலிஸ் முன்னால் 'ணங்'கென்று வைத்தாள்.

"இந்தா, ஓடிப்போனவ கொண்டாந்திருக்கேன், தின்னு! நாஷ்வில் ஊர் முழுக்க உன் ஒப்பாரிதான். சர்ச்சுல ஒருத்தி, 'எப்பம்மா திரும்பி வந்தே?'ங்கறா. உன் சட்டையைத் துவைச்சுக்கிட்டு இங்கேயேதானே கிடக்கேன்!"

"அப்ப ஒண்ணு பண்ணலாம். புதுப் பாட்டுல அந்தப் பொண்டாட்டி திரும்பி வந்துடட்டும். ரெண்டு பேரும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கட்டும்."

"வரமாட்டா."

"கடைசிச் சரணத்துலயாவது..."

"வரமாட்டான்னா வரமாட்டா! தூரத்துல நாக்ஸ்வில் ஊர்ல வீடு பிடிச்சுட்டா. பேக்கரியில வேலை கிடைச்சாச்சு. ஜன்னலுக்கு மஞ்சத் திரைகூடப் போட்டுட்டா."

ஹாலிஸ் அழாத குறையாகக் கெஞ்சினான். "நான் வெறுமனே பாடறவன் வெர்னா. எல்லாப் பாட்டையும் எழுதறது நீதானே? ஒரே ஒரு வரி மாத்தேன். அவளைக் கூப்பிட்டுக்கோயேன்."

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு வெர்னா எதிரே உட்கார்ந்தாள்.

"அவ அங்க இருக்கறதாலதான்யா நான் இங்க இருக்கேன். அவ வந்துட்டா, நான் கிளம்பணும். எது வேணும், சொல்லு."

ஹாலிஸ் கிதாரை மடியில் வைத்து, மெல்ல ஒரு கம்பியை மீட்டினான்.

"மஞ்சத் திரைக்கு அடுத்த வரி என்ன?" என்றான்.