கடைமடைக்கு முதல் தாள்

பாசன அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பொறியாளர் குந்தவை, முறைத்தண்ணீர் எக்செல் கோப்பைத் திறந்தாள். பன்னிரண்டு ஊர்களில், வாய்க்காலின் கோடியிலிருக்கும் கடைமடை ஊரின் தாள் மட்டுமே தெரிந்தது. அதற்குத் தண்ணீர் விடும் நாட்களைக் குறித்த பிறகே மற்ற ஊர்கள் தலைகாட்டின. மூடித் திறந்தாலும் அதே கதைதான்.

"பரணி, இது யார் வேலை?"

"நான்தாங்க மேடம், கோப்பு தானா இப்படித் திறக்கற மாதிரி மேக்ரோ போட்டிருக்கேன்" என்றான் எழுத்தர் பரணிதரன்.

"சொந்த ஊர்ப் பாசமா? விசாரணைன்னு வந்தா வேலை போயிடும், தெரியும்ல?"

"எங்க ஊரு தலைமடைங்க. பட்டியல்லயே முதல் ஊரு."

குந்தவை நிமிர்ந்தாள். "அப்புறம் ஏன்?"

"முன்னெல்லாம் திறந்ததும் எங்க ஊருதான் கண்ணுல படும். அப்பாவும் கூடத் தண்ணி கேட்டு போன் போடுவாரு. ரெண்டு நாள் கூட்டிப் போட்டுடுவேன். போன வருஷம் கடைமடையில நடவு நட்ட பயிரெல்லாம் காஞ்சு போச்சுங்க."

"சரி, இப்ப அப்பா கூப்பிட்டா மேக்ரோவை எடுத்துட மாட்டீங்களா?"

"முடியாதுங்க. அதோட பாஸ்வேர்டைக் கடைமடை விவசாயி ஆனந்தவல்லி அக்காவையே போட வச்சுட்டேன். போன வாரம் கேட்டுப் பார்த்தேன், சொல்ல மாட்டேன்னுட்டாங்க."