லான்சருக்கு நாலு டயர்

ஓட்டமாவடி டயர்க் கடைக்குள் ஆற்றுக் காற்றோடு வெயிலும் சாய்ந்து விழுகிறது. வினாயகமூர்த்தி மாஸ்டர் புது டயர்களின் வெட்டுகளில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். எட்டு வருடத்துக்கு முன் இராணுவச் சுற்றிவளைப்பில் கொண்டுபோகப்பட்டு இன்னும் திரும்பாத மகனின் லான்சர் காருக்கு வேண்டும். "மழைக்குள்ளயும் ரோட்டை விடாத டயரா தாங்க காக்கா. அவன் வேகமாத்தான் ஓடுவான்." "ஓம் மாஸ்டர், இது வளைவிலயும் இழுக்காது," என்கிறார் கடைக்கார அசனார் காக்கா, இருப்பதில் நல்லதையே உருட்டி வந்து. பிறகு, மாஸ்டர் கழற்றிக் கொண்டுவந்த பழைய டயர்களை ஓரமாக்கக் குனிகிறார். நாலு வருடத்துக்கு முன் அசனாரே இதே காருக்கு விற்றவை. நின்ற இடத்திலேயே நின்று பக்கமெல்லாம் வெடித்திருக்கின்றன. தரையில் உருளும் பக்கத்தில், புது டயரில் நிற்கும் மெல்லிய ரப்பர் முடிகள் இன்னும் தேயாமல் அவர் உள்ளங்கையில் குத்துகின்றன.