எழுதிய கை

“இத எழுதின கைக்கு மோதிரம்தான் போடணும்!”

கணேஸ்வரன் அச்செடுத்த தாளை உயர்த்திக் காட்டினார். எதிரே தேவமலர். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். ஆறாவது மாதம் வேலை நிரந்தரமாக வேண்டும். பக்கத்து நாற்காலியில் முதலாளி நூர்தீன்.

செங் தொழிற்பேட்டையில் இருந்த அந்தச் சின்ன நிறுவனம், செம்பனை ஆலைகளுக்குக் கணினி செய்து விற்றது. கணினியை உள்ளிருந்து ஆட்டிவைக்கும் ‘கெர்னல்’ நிரலும் சொந்தத் தயாரிப்பு. தொண்ணூற்றாறில் நியாலாஸ் ஆலைக்குப் போன கணினி ஒரே மாதத்தில் ஏழு முறை உறைந்து நின்றது. அதைத் திருத்தும் வேலை தேவமலருக்கு. அவள் அச்செடுத்துக் கொடுத்த திருத்தத்தைச் சரிபார்க்கும் வேலை தலைமைப் பொறியாளர் கணேஸ்வரனுக்கு. அவருக்கு நிரல் எழுதுவதில் பதினைந்து வருட அனுபவம். அடுத்தவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பதில் முப்பது வருட அனுபவம்.

“சார், அந்தத் தாள்ல…”

“இரும்மா, கொஞ்சம் ரசிச்சிக்கிறேன். பாஸ், பிரிண்டருக்கு ஒண்ணு, பழம் நிறுக்கிற தராசுக்கு ஒண்ணுன்னு கம்ப்யூட்டர்ல சொருகுற ஒவ்வொரு கார்டுக்கும் தனி நம்பர் குடுக்கணும். நம்மளக் கூப்புடுறது பிரிண்டரா, தராசான்னு தெரியணும்ல? அந்த நம்பரக் குடுக்கிற எடம் இதுதான். ஆனா நம்பர் காலியா இருக்கான்னு பாக்கவே இல்ல. தராசுக்கும் அஞ்சு, பிரிண்டருக்கும் அஞ்சு!”

“அப்படிக் குடுத்தா?”

“தீபாவளிக்கு மொத நாள் கேஎல் பஸ்ல ஒரே சீட்ட ரெண்டு பேருக்கு வித்தா? அடிதடிதான் லா. இதப் போட்டா நியாலாஸ் மெஷின் மாசத்துக்கு ஏழு தடவ நிக்காது. ஒரு நாளைக்கு ஏழு தடவ நிக்கும்.”

“சார், ஒரு நிமிஷம்…”

“இன்னும் இருக்கும்மா. கார்டக் கழட்டுனா நம்பரத் திருப்பி வாங்கணும். வாங்கல. வாடகைக்கு இருந்தவன் காலி பண்ணிட்டான், வீடு மட்டும் அவன் பேர்லயே இருக்கு! குடுக்க நம்பரே இல்லாட்டியும் ‘ஓகே’ங்குது. கல்யாணத்துல சோறு தீந்த பின்னாடியும் ‘வாங்க, வாங்க, உக்காருங்க’ன்னு கூப்புடுற மாதிரி!”

தேவமலர் தாளை நோக்கிக் கை நீட்டினாள். அவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பாதிச் சிரிப்பில் மேடையை விட்டுக்கொடுக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

நூர்தீன் சிரிக்கவில்லை. கணினியை வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்று சொல்ல ஆலைக்காரர்கள் மறுநாள் வருகிறார்கள்.

“கணேஸ், அப்ப இத எழுதின ஆள வெச்சிக்கலாமா?”

“கெர்னல் பக்கமே விடக்கூடாது, பாஸ். ஸ்டோர்ல பெட்டிக்கு நம்பர் ஒட்டட்டும். அங்கயும் எல்லாப் பெட்டிக்கும் அஞ்சுன்னு ஒட்டாம இருந்தா புண்ணியம்.”

“எழுத்துல குடுங்க. நாளைக்கு நீங்களே மாத்திப் பேசுவீங்க.”

கணேஸ்வரன் பேனாவை எடுத்தார். ‘இந்த நிரலை எழுதியவரைக் கெர்னல் பிரிவிலிருந்து உடனே நீக்கும்படி பரிந்துரைக்கிறேன்’ என்று எழுதி, கல்யாணப் பத்திரிகைக்குப் போடுவதுபோல் சுழித்துக் கையெழுத்திட்டார். நூர்தீன் ஒரு முறைக்கு இரு முறை படித்து, ‘சம்மதம்’ என்று எழுதிக் கீழே தம் கையெழுத்தையும் போட்டுவிட்டுத் தேவமலர் பக்கம் திரும்பினார்.

“இப்ப நீ சொல்லும்மா. ரொம்ப நேரமா என்னமோ சொல்ல வந்தியே?”

தேவமலர் அந்தத் தாளைச் சுட்டிக் காட்டினாள்.

“திருத்தத்த பிரிண்ட் எடுத்தா, பழைய வரிங்க மொத பக்கத்துல வரும், புதுசு ரெண்டாவது பக்கத்துல வரும், பாஸ். ரெண்டாவது பக்கத்த சார் இன்னும் பாக்கல. இவ்வளவு நேரம் அவர் படிச்சது நான் தூக்கச் சொன்ன வரிங்க… தொண்ணூத்தொண்ணுல சாரே எழுதுனது.”