மூணு தட்டு

"ஓனரே, ஒண்ணு அந்த பாய் காலி பண்ணணும். இல்ல, நாங்க காலி பண்றோம்."

சுரேந்தர் கத்துனதுல வீட்டு ஓனர் மல்லப்பன் கையில இருந்த டீ தளும்பிருச்சு.

"யாரு, மொத வீட்டு ஹபீபுல்லா பாயா? அந்த லைன்லயே தண்ணி மோட்டார ஞாபகமா ஆஃப் பண்ற ஒரே ஆளு அவருதானேப்பா!"

"தெனமும் சாயங்காலம் ராமக்கா வீட்டுக் கதவத் தட்டுறாரு ஓனரே."

மல்லப்பன் டீயக் கீழ வெச்சுட்டாரு.

ஹெப்பாள் பக்கம் அவருக்கு லைன் வீடு நாலு. கடைசி வீட்டுல தனியா இருந்த ராமக்கா, போன ரம்ஜான் மாசம் செத்துப் போச்சு. மூணு நாள் கழிச்சு கதவ ஒடச்சுப் பாத்தப்பதான் விசயமே தெரிஞ்சுது. அன்னிக்குப் போட்ட பூட்ட இன்னும் தொறக்கல.

"பூட்டின வீட்டயா தட்டுறாரு?"

"ஆமா. சலாம் சொல்றாரு, தட்டுறாரு. உள்ளேர்ந்து யாரோ எந்திரிச்சு வர்ற மாதிரி காத்துக்கிட்டு நிக்கிறாரு. மறுபடி தட்டுறாரு. சரியா மூணு வாட்டி. அவரு போன அப்புறந்தான் ஓனரே..."

"அப்புறம்?"

"எங்க செவுத்துல தட்டுற சத்தம் கேக்குது. ராமக்கா வீட்டுப் பக்கத்துலேர்ந்து."

"அது உசுரோட இருக்கப்பவே தட்டுமே! நீ டிவிய அலற விட்டா, சில்வர் டம்ளர எடுத்து செவுத்துல தட்டுமில்ல? செத்தும் அந்தப் பழக்கம் போகலையோ என்னமோ."

சுரேந்தர் சிரிக்கல. பக்கத்துல நின்ன அவன் பொண்டாட்டி தாரணி மெதுவா சொன்னா:

"எனக்கு ஒரு நாளும் கேட்டதில்லீங்க. இவருக்கு மட்டுந்தான் கேக்குது. தூங்கறதே இல்ல."

"பாய் மந்திரிக்கிறாரு ஓனரே. செத்தவங்கள எழுப்பப் பாக்குறாரு."

"சும்னிரப்பா, சும்மா இரு! எழுப்ப முடியும்னா, மொதல்ல எங்கப்பாவ எழுப்பச் சொல்லி, நெலத்துப் பத்திரத்த எங்க வெச்சாருன்னு கேட்டிருப்பேன்."

அப்படிச் சொன்னாரே தவிர, அன்னிக்கு சாயங்காலமே மல்லப்பன் நேர்ல வந்துட்டாரு. மூணு பேரும் மூணாவது வீட்டு ஜன்னல் பின்னாடி, லைட்டப் போடாம நின்னாங்க. மூணாவது வீடு சுரேந்தரோடது.

அஞ்சே முக்கா. பாய் வந்தாரு.

கையில ஒண்ணுமில்ல. ஆனா சூடா எதையோ ஏந்திக்கிட்டு வர்ற மாதிரி ரெண்டு கையயும் முன்னாடி வெச்சிருந்தாரு. கதவுக்கு நேரா நிக்காம, ஒதுங்கி ஓரமா நின்னாரு.

"அஸ்ஸலாமு அலைக்கும், ராமக்கா."

ஒரு தட்டு. பூட்டு லேசா ஆடுச்சு.

மறுபடி சலாம். ரெண்டாவது தட்டு. மல்லப்பனுக்குக் கை மயிரெல்லாம் நட்டுக்கிச்சு.

மூணாவது தட்டுக்கப்புறம் பாய் காதக் கதவுல வெச்சு, ரொம்ப நேரம் அப்படியே நின்னாரு.

மல்லப்பனுக்குப் பொறுக்கல. வெளிய போயிட்டாரு. மத்த ரெண்டு பேரும் பின்னாடியே போனாங்க.

"பாய்! உள்ள யாரு இருக்காங்க?"

"யாருமில்ல ஓனரே."

"அப்ப யாரக் கூப்புடுறீங்க?"

பாய் தொப்பியக் கழட்டி மறுபடி மாட்டிக்கிட்டாரு.

"கொழம்பு வெச்சா கூடக் கொஞ்சம் தண்ணி ஊத்து, பக்கத்து வீட்டுக்கும் குடுன்னு எங்க நபி சொல்லியிருக்காரு. அதனால ரம்ஜான்ல நான் காய்ச்சுற நோன்புக் கஞ்சியில ஒரு கிண்ணம் ராமக்காவுக்குத்தான். இன்னொண்ணும் அவரு சொல்லியிருக்காரு. அடுத்தவங்க வாசல்ல மூணு தடவ கேளு, பதில் வரலன்னா திரும்பிப் போயிடு."

"நல்ல விசயந்தானே?"

"நல்ல விசயந்தான். அந்த மூணு நாளும் மூணு மூணு தட்டு தட்டுனேன். பக்கத்துல டிவி ஓடுன சத்தத்துல உள்ளேர்ந்து ஒண்ணும் காதுல விழல. தூங்குறாங்க போலன்னு மரியாதையா திரும்பிட்டேன். டாக்டரு என்ன சொன்னாரு? ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு, நாக்கு எழும்பாம கெடந்திருக்காங்க. மொத ரெண்டு நாளும் உசுரு இருந்திருக்கு. நான் தட்டுனது அவங்களுக்குக் கேட்டிருக்கும் ஓனரே."



"கையில டம்ளரோட கெடந்துச்சுன்னு சொன்னாங்களே..."ன்னா தாரணி. "தண்ணிக்கு எவ்ளோ தவிச்சுதோ பாவம்."

பாய் சொன்னாரு: "அல்லாவுக்குச் செஞ்ச தப்ப அல்லா மன்னிப்பான். மனுசங்களுக்குச் செஞ்சத அந்த மனுசங்கதான் மன்னிக்கணும். நான் எங்க போய்க் கேக்க? 'அவங்க பேருல தர்மம் பண்ணு, பூட்டின கதவத் தட்டாத'ன்னு பள்ளிவாசல்ல தொழ வைக்கிற ஹஸ்ரத் கூடத் திட்டிட்டாரு. நேரமானா காலு இங்க வந்து நிக்குது. காலி பண்ணச் சொன்னா பண்ணிடறேன். ஆனா நீங்க வெளிய சொல்லிட்டிருக்கிற மாதிரி, செவுத்துல நான் தட்டுனதே இல்ல தம்பி."

மல்லப்பன் துண்டால மூஞ்சியத் தொடச்சாரு.

"யாரும் காலி பண்ண வேணாம், போங்க." அப்புறம் என்னமோ நெனச்சுக்கிட்டு சுரேந்தர் பக்கம் திரும்புனாரு. "ஏப்பா, தாரணி அப்ப சாமராஜநகர்ல அம்மா வீட்டுல இருந்துச்சு. நீ இங்கதானே இருந்த? நடுவுல ஒத்தச் செவுரு. ஒனக்குக் கூடவா ஒண்ணும் கேக்கல?"

"ஒண்ணும் கேக்கல ஓனரே"ன்னான் சுரேந்தர், அந்த ரெண்டு நாளும் செவுத்துல டம்ளர் சத்தம் கேட்டப்பெல்லாம், 'கெழவி நிம்மதியா மேட்ச் பாக்க விடுதா பாரு'ன்னு ரிமோட்ட எடுத்து டிவி சத்தத்த ஏத்துனவன்.