கதவுக்குப் பின்னால் ஏணி

"பின் ரூம்ல கதவுக்குப் பின்னால ஏணி சாஞ்சிருக்கும். எடுத்துக்கறேம்மா, பல்பு மாத்தணும்."

எதிர்வீட்டு பேங்க்காரர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். புதிதாகக் குடிவந்திருந்த அவள் உள்ளே போய் ஏணியைத் தூக்கிவந்து கொடுத்தாள். அவர் தெருவைத் தாண்டியதும் கதவைத் தாழிட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வாசலில் நின்றால் கூடம் மட்டும்தான் தெரியும். கூடத்தைத் தாண்டி சமையலறை, அதையும் தாண்டி, ஜன்னல்கூட இல்லாத பின் அறை. இவர்கள் குடிவந்ததிலிருந்து பேங்க்காரர் இந்த வீட்டுக்குள் கால் வைத்ததே இல்லை. ஏணி கதவுக்குப் பின்னால் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அவர் ஒருத்தர் என்றால் பரவாயில்லை. சுவரில் துளை போடும் மெஷினுக்கு வந்த டீச்சரம்மா, "மேல் ஷெல்ஃப்ல நீலப் பெட்டி" என்று அடையாளமே சொன்னாள். மாடி வீட்டு அக்கா இன்னும் ஒரு படி மேலே போய், "பெரிய குக்கரும்மா. மூடி தனியா கீழ் தட்டுல கிடக்கும் பாரு" என்றாள். கிடந்தது.

ஒருத்தராவது "தர்றீங்களா?" என்று கேட்டால்தானே! எல்லாருக்கும் "எடுத்துக்கறேன்" தான்.

சாயங்காலம் கணவன் சட்டையைக்கூட மாற்றவில்லை, பிடித்துக்கொண்டாள்.

"இந்த வீடு வேண்டாங்க. மாத்துச் சாவி யார்கிட்டயோ இருக்கு. நீங்க ஆபீஸ் போயிட்டா நான் ஒத்தையா இருக்கேன். பயமா இருக்கு."

"இந்த வாடகைக்கு இவ்ளோ பெரிய வீடு எங்க கிடைக்கும்? நாயா அலைஞ்சு பிடிச்சேன்."

"இவ்ளோ கம்மிக்கு ஏன் கொடுத்தாரு? அதை யோசிச்சீங்களா?"

"பின் ரூம் சாமானைப் பத்தி வீட்டுக்காரர் போன்ல என்னமோ சொன்னாரு. பஸ் சத்தத்துல காதுல விழல. முன்னாடி இருந்தவங்க போட்டுட்டுப் போன குப்பையா இருக்கும்."

"குப்பை எங்க இருக்குன்னு தெருவுக்கே எப்படித் தெரியும்?"

"அதானே! பேய் வந்து இடம் காட்டுதோ?"

"சிரிங்க, சிரிங்க. இதுக்கு ஒரு முடிவு தெரியாம நான் ஒரு பெட்டியைக்கூடப் பிரிக்க மாட்டேன்."

கல்யாணத்துக்குப் பரிசாக வந்த அட்டைப் பெட்டிகள் கூடத்து மூலையில் ஒட்டிய டேப்போடு அப்படியே அடுக்கியிருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், இருப்பதிலேயே பெரிய பெட்டியில் ஒரு வாக்குவம் கிளீனர்.

மறுநாள் அவள் ஒரு வேலை செய்தாள். நீலப் பெட்டியை ஷெல்ஃபிலிருந்து எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். யாராவது திருட்டுத்தனமாக உள்ளே வந்து போகிறார்கள் என்றால், புது இடமும் தெரிந்திருக்க வேண்டுமே!

டீச்சரம்மா மறுபடி வந்தாள். "மேல் ஷெல்ஃப்ல நீலப் பெட்டி..."

"அங்க இல்லையே" என்றாள் இவள், முகத்தையே பார்த்துக்கொண்டு.

டீச்சரம்மாவின் முகம் செத்துப் போயிற்று. "இல்லையா? ஐயோ, யாருக்காவது கொடுத்துட்டீங்களா?"

கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. இவளுக்கும் பாதி நிம்மதி. யாரும் உள்ளே வரவில்லை. ஆனால் அடுத்தவர் வீட்டு மெஷின் தொலைந்தால் இந்த அம்மா எதற்கு இப்படிப் பதற வேண்டும்?

அன்றைக்கே ஏணியும் திரும்பி வந்தது. ஆடிக்கொண்டிருந்த படியைக் கழற்றிப் புதுக் கட்டை வைத்து ஆணி அடித்திருந்தது. இரவல் வாங்கினவர் செலவு செய்து ரிப்பேர் பண்ணித் தருவதை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. மண்டை காய்ந்தது. போதும் என்று முடிவு செய்தாள். சாமான் இருந்தால்தானே கேட்டு வருவார்கள்?

"தாராளமா தூக்கிப் போடு" என்றான் கணவன். வீடு மாற்றும் பேச்சு நின்றால் போதும் அவனுக்கு.

தெருவில் தள்ளுவண்டியோடு வந்த பழைய இரும்புக்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

"அண்ணே, பின் ரூம்ல இருக்கறது எல்லாத்தையும் எடுத்துக்குங்க. காசுகூட வேண்டாம். இடம் காலியானா சரி."

அவர் தராசை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்தார். கூடம், சமையலறை என்று வழி கேட்காமலே நடந்து பின் அறைக்குள் போய், ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். புதுப் படியை ஒரு தட்டுத் தட்டினார்.

"பேங்க்காரர் நல்லாத்தான் அடிச்சிருக்காரு" என்று முனகிக்கொண்டே வெளியே வந்தார். "இதை நான் எடுக்க முடியாதும்மா."

"ஏன், விலை போகாதா?"

"போகும். ஆனா ஏணி என்னோடதாச்சே!"

"உங்களோடதா?"

"தெருக்கோடி வீடு நம்முளுதுதான். நீலப் பெட்டி டீச்சரம்மா வாங்கினது, குக்கர் மாடி வீட்டுது. வீட்டுக்கு ஒண்ணு வாங்கிப் பூட்டி வெச்சுட்டு, கடைசியில என் வண்டியில ஏத்தறதுக்குப் பதிலா, தெருவுக்கே ஒண்ணு போதும்னு எல்லாருமாப் பேசி வெச்சது. என் பொழைப்புலதான் மண்ணு!" என்று சிரித்தார். "பின் ரூமைத் தெருவுக்கு விட்டதுக்குத்தானே உங்களுக்கு வாடகையைக் குறைச்சாரு? வீட்டுக்காரர் போன்ல சொல்லிட்டேன்னாரே!"

வாசல்வரை போனவர் கூடத்து மூலையைப் பார்த்து நின்றார்.

"அது கிடக்கட்டும், உங்க பங்குக்கு நீங்க என்ன வைக்கப் போறீங்க?"

அவள் சமையலறைக்குப் போய்க் கத்தியை எடுத்து வந்து, அடியில் இருந்த பெரிய பெட்டியின் டேப்பைக் கிழித்தாள்.