தேறிய கோழி

முப்பது வருடம் ஆஸ்திரேலியாவின் டூவும்பா ஊர்க் கோழிப் பண்ணைகளில் வேலை செய்த நோலீனுக்கு ஒன்று தெரியும்: முட்டை போடாத கோழிதான் முதலில் சாகும்.

அதனால்தான் இப்போது வேலை பார்க்கும் கோழித்தீனி ஆராய்ச்சிக் கொட்டகையில், மெலிந்த நொண்டிக் கோழி ஒன்றுக்கு மட்டும், எதிர்க் கூண்டின் செரிமானத்துக்கு உதவும் என்சைம் கலந்த சோதனைத் தீனியைத் திருட்டுத்தனமாக அள்ளிப் போட்டாள். கோழி தேறியது, தினம் ஒரு முட்டை.

ஆய்வின் கடைசி நாளன்று ஆய்வாளர் கிரெக் வந்தார்.

"உங்க நொண்டி, ராணி மாதிரி நிக்குதே, நோலீன்."

"இனி இதுக்கு ஆபத்தில்லையே?"

"மெலிஞ்சே இருந்திருந்தா ஆய்வுல சேக்காம உங்ககிட்டயே குடுத்திருப்பேன். இப்ப எப்படி விடறது?"

"ஏன்?"

"தீனி எவ்வளவு செரிச்சிருக்குன்னு, நல்லா முட்டை போடற கோழியோட குடலை அறுத்துத்தானே பாக்கணும்."

கோழிகளை எடுத்துக் கொடுக்க நோலீன் கூண்டைத் திறந்தாள். தீனி வருகிறதென்று நினைத்து, நொண்டிதான் முந்திக்கொண்டு அவள் கைக்கு வந்தது.